காவடி திக்கித் திக்கி ஆடினால்

பினாங்குத் தண்ணீர்மலையில் எடுத்த தைப்பூசக் காட்சிகளை என் பழைய லேப்டாப்பில், டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் போட்டேன். உறுமி சீராகக் கேட்கிறது, காவடி மட்டும் நின்று நின்று ஆடுகிறது! புது லேப்டாப் வாங்கு என்றான் தம்பி. காசு மரத்திலா காய்க்கிறது?

முதலில் சார்ஜரைச் சொருகுங்கள். சிரிக்காதீர்கள், பேட்டரியில் பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அப்புறம் ரிசால்வின் பிளேபேக் மெனுவில், எடிட் செய்யும்போது படம் எவ்வளவு தெளிவாக ஓட வேண்டும் என்ற டைம்லைன் ரெசல்யூஷனைப் பாதி அல்லது கால் அளவுக்கு வையுங்கள். பிரீமியர் புரோ என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் இது முன்னோட்டத் திரைக்குக் கீழேயே 1/2, 1/4 என்று இருக்கும். கடைசியில் வெளியெடுக்கும் வீடியோவின் தரம் குறையாது.

இவ்வளவும் செய்து எனக்குப் பாதிதான் சரியானது. உண்மையான வில்லன் எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறை. என் போன் 4கே வீடியோவை அப்படித்தான் பதிகிறது. இடம் மிச்சம் பிடிக்க, முழுப் படத்தை எப்போதாவதுதான் வைக்கும். நடுவில் உள்ளவை மாற்றங்கள் மட்டுமே. ஒரு ஃபிரேமைக் காட்டவே அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் கணக்குப் போட வேண்டும். லேப்டாப் பாவம்.

மருந்து பிராக்ஸி. ரிசால்வில் கிளிப்புகள் இருக்கும் மீடியா பூல் பகுதியில் அவற்றைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' கொடுங்கள். எடிட் செய்ய எளிதான சின்ன நகல்கள் உருவாகும். நேரமாகும், நான் லிட்டில் இந்தியா பக்கம் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தேன். கோப்புகளைப் பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டாதீர்கள், லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள்.