கோல்டன் கேட் பாலத்தில் நடக்கப் போகும் ஆச்சிகளுக்கு

காரைக்குடியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தைக் காரில் கடந்துவிட்டு வந்துவிடாதீர்கள். இறங்கி நடங்கள். கட்டணம் கிடையாது.

முக்கியமானது குளிர். நம்மூர் ஆடி மாத நினைப்பில் சுங்குடிச் சேலையோடு போய் நின்ற என் ஆத்தா பத்தே நிமிடத்தில் நடுங்கிவிட்டார்கள். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் மூடுபனி அதிகம், கடல்காற்றும் விடாது. ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூட ஸ்கார்ஃப், மூன்றும் வேண்டும். சேலைக்குள் லெகிங்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பாலம் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர். தைப்பூசத்துக்குப் பழனி வரை நடக்கிற கால்களுக்கு இது பெரிதில்லை. ஆனால் திரும்பியும் வர வேண்டுமே! முட்டிவலி உள்ளவர்கள் தெற்கிலிருந்து முதல் கோபுரம் வரை போய்த் திரும்பினாலே போதும், நகரமும் விரிகுடாவும் அங்கிருந்தே தெரியும். நடைபாதை கிழக்குப் பக்கம். சைக்கிள்காரர்களும் வருவார்கள், ஓரமாக நடங்கள்.

லாரி போகும்போது காலடியில் லேசாக அதிரும். பயப்படாதீர்கள். தொங்குபாலம் அசைந்து கொடுக்கும்படிதான் கட்டப்பட்டது. 1937 முதல் அப்படித்தான் நிற்கிறது.

அப்புறம், பாலத்தின் மேல் கழிப்பறை கிடையாது. ஏறும் முன்பே போய்விடுங்கள். கைப்பையில் கொஞ்சம் தேன்குழலும் தண்ணீரும் இருக்கட்டும்.