சின்ன கேபினெட்டில் கேமிங் பிசி: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன கேபினெட் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் படத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை, மேஜை மேல் தினமும் கண் முன்னால் நிற்கப்போகிற பொருள் அழகாகத்தான் இருக்கட்டுமே. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. கிராபிக்ஸ் கார்டு நீளம் இவ்வளவு வரை, ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம் இவ்வளவு வரை, வாட்டர் கூலரின் ரேடியேட்டர் இவ்வளவு வரை என்று தயாரிப்பாளர் ஒரு பட்டியல் கொடுத்திருப்பார், நாமும் வரி வரியாக டிக் அடித்துவிட்டு எல்லாம் நுழையும் என்று ஆர்டர் போட்டுவிடுவோம். 45 லிட்டர் கன அளவுள்ள மிட் டவரில் (வழக்கமான அளவு கேபினெட்) இப்படிச் செய்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 10, 15 லிட்டருக்கு இறங்கிவிட்டால் அந்த எண்கள் ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடுங்கும். பட்டியலில் இருக்கும் எல்லா 'வரை'யும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

2023-இல் வந்த ஃப்ராக்டல் டெர்ரா கேபினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 10.4 லிட்டர். மதர்போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு மறு பக்கம், இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் 'சாண்ட்விச்' அமைப்பு. நடுவில் இருக்கும் தகட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்திக்கொள்ளலாம். கார்டு தடிமன் 72 மி.மீ. வரை, கூலர் உயரம் 77 மி.மீ. வரை என்று போட்டிருக்கும். ஆனால் கார்டுக்கு 72 கொடுத்தால் கூலருக்கு 48தான் மிஞ்சும், கூலருக்கு 77 கொடுத்தால் கார்டுக்கு 43. கூட்டினால் எப்போதும் 120. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் ஃபவுண்டர்ஸ் எடிஷன் (என்விடியாவே தன் பெயரில் விற்ற மாடல்) 61 மி.மீ. தடிமன், அதை உள்ளே வைத்தால் கூலருக்கு 59. அப்போது 70 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்12எஸ் போகாது, 47 மி.மீ. தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 மாதிரி ஒன்றைத்தான் தேட வேண்டும். டெர்ராவில் இந்தக் கணக்கு வெளிப்படையாக இருப்பதாவது நல்லது, பல கேபினெட்டுகளில் இது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கார்டு நீளத்திலும் இதே கதைதான். '330 மி.மீ. வரை' என்றால் பல நேரம் அது முன்பக்கத்தில் விசிறியோ ரேடியேட்டரோ இல்லாத நிலையில் உள்ள அளவு. ஒரு விசிறி 25 மி.மீ., ரேடியேட்டர் சுமார் 27, இரண்டையும் முன்னால் மாட்டினால் 52 மி.மீ. போய்விடும். 330-இல் 52 போனால் 278, மூன்று விசிறி வைத்த கார்டுகளில் நிறைய 300-ஐத் தாண்டுபவை. கழித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. ஸ்லாட்டிலிருந்து பக்கவாட்டுத் தகடு வரை கார்டு எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அகலம், பவர் கேபிள் செருகும் இடம் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் இருக்கும். கார்டு 137 மி.மீ. என்றால் அதோடு கணக்கு முடியாது, கேபிள் செருகி வளைந்து திரும்ப மேலே இன்னும் இடம் வேண்டும். புதிய 16 பின் கனெக்டரில் கேபிளைச் செருகிய இடத்திலேயே மடக்குவது ஆபத்து, கனெக்டரிலிருந்து சுமார் 35 மி.மீ. நேராக விட்டுவிட்டு அப்புறம்தான் வளைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 2022-இல் 4090 வந்த புதிதில் கனெக்டர் உருகிய படங்கள் சுற்றியது நினைவிருக்கும். கேபிள் முழுதாக உள்ளே போய் உட்காராமல் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம், கண்ணாடித் தகட்டை அமுக்கி மூடும்போது கேபிள் மேல் அழுத்தம் விழுந்தால் அந்த நிலைமையை நாமே உண்டாக்குகிறோம். கார்டோடு கொடுக்கிற, மூன்று நான்கு 8 பின் கேபிள்கள் சேரும் அடாப்டர் இருக்கிறதே, சின்ன கேபினெட்டில் அதை ஒளித்து வைக்க இடமே கிடையாது. 16 பின் கேபிள் நேரடியாக வருகிற எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை) வாங்கினால் பாதித் தலைவலி தீரும்.

என்விடியா 2024-இல் 'எஸ்எஃப்எஃப் ரெடி' (சின்ன கேபினெட்டுக்கு ஏற்றது) என்று ஒரு அளவுகோல் கொண்டுவந்தது: கார்டு நீளம் 304, தடிமன் 50, அகலம் கேபிள் வளைவையும் சேர்த்து 151 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கேபிள் வளைவைச் சேர்த்தே சொன்னார்கள் பாருங்கள், அதுதான் அதில் உருப்படியான விஷயம். கார்டை இன்னும் முடிவு செய்யாதவர்கள் இந்த வரம்புக்குள் தேடினால் கேபினெட் தேர்வு சுலபமாகும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். பழைய பிசியில் இருந்த நல்ல 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இதிலும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 உயரம், ஆழம் குறைந்தது 140. சின்ன கேபினெட்டுகள் கேட்பது எஸ்எஃப்எக்ஸ், 125 x 63.5 x 100. விலை அதிகம், உள்ளூர்க் கடைகளில் எடுத்ததும் கிடைத்துவிடாது, அதனால் கேபினெட் விலையோடு இதையும் கூட்டித்தான் பட்ஜெட் போட வேண்டும். எஸ்எஃப்எக்ஸ்-எல் என்று 130 மி.மீ. ஆழத்தில் ஒன்று உண்டு, பெரிய விசிறி, சத்தம் குறைவு. ஆனால் அந்தக் கூடுதல் 30 மி.மீ. எங்கிருந்து வரும்? கேபிள்களைச் சுருட்டி வைக்கிற இடத்திலிருந்துதான். '9 லிட்டரில் எஸ்எஃப்எக்ஸ்-எல்லும் போகும்' என்று போட்டிருந்தால், போகும், மூடியை மூடுவது உங்கள் சாமர்த்தியம்.

ரைசர் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'டிஸ்ப்ளே வரவில்லை, கார்டு போச்சு' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களில் சிலருக்காவது பிரச்சினை இதில்தான் இருக்கும். சாண்ட்விச் கேபினெட்டில் கார்டு நேராக மதர்போர்டில் செருகப்படுவதில்லை, தட்டையான ஒரு ரைசர் கேபிள் வழியாகப் போகிறது. அந்தக் கேபிள் எந்தத் தலைமுறை பிசிஐஇ (கார்டையும் மதர்போர்டையும் சேர்க்கும் இணைப்பு) வேகத்துக்குச் செய்யப்பட்டது என்று பாருங்கள். பழைய கேபினெட்டை மலிவாக வாங்கினால் 3.0 கேபிள் இருக்கலாம், 4.0 கார்டைப் போட்டால் திரை கருப்பாகவே நிற்கும் அல்லது விளையாட்டு நடுவில் தொங்கும். இப்போது ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 5.0, கேபினெட்டோடு வருவது பெரும்பாலும் 4.0 கேபிள், மறுபடி அதே கூத்து. தீர்வு எளிது, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) போய் ஸ்லாட்டின் வேகத்தை கேபிள் தாங்கும் தலைமுறைக்கு இறக்கிவிட வேண்டும். 5.0-இலிருந்து 4.0-க்கு இறக்குவதால் விளையாட்டில் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் திரையே வராதபோது பயாஸுக்குள் எப்படிப் போவது? ப்ராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் செருகிப் போகலாம். நம் ஊரில் அதிகம் விற்கும் ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப் போன்ற 'எஃப்' வகைகளில் அது கிடையாது. அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளே பூட்டுவதற்கு முன்பே, மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, கார்டை நேராகச் செருகி, பயாஸில் வேகத்தை மாற்றிவிட்டு அப்புறம் கேபினெட்டுக்குள் ஏற்றுங்கள்.

ரைசரில் தரமும் முக்கியம். என்இசட்எக்ஸ்டி எச்1 என்ற கேபினெட் 2020-இல் வந்து நன்றாகப் பேசப்பட்டது, 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ரைசரைக் கேபினெட்டோடு பிணைக்கும் திருகு, ரைசரின் சர்க்யூட் போர்டில் ஷார்ட் ஏற்படுத்தித் தீப்பிடிக்கக்கூடும் என்பது காரணம். முதலில் பிளாஸ்டிக் திருகு அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தார்கள், கடைசியில் ரைசரையே மாற்ற வேண்டி வந்தது. செகண்ட் ஹேண்டில் பழைய எச்1 கண்ணில் பட்டால், ரைசர் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சரி, வெப்பம். சின்ன கேபினெட் என்றாலே கொதிக்கும் என்பது முழு உண்மை இல்லை. சாண்ட்விச் அமைப்பில் கார்டின் விசிறி சல்லடைத் தகட்டை ஒட்டியே இருப்பதால் வெளிக்காற்றை நேராக இழுக்கிறது, கண்ணாடி மூடிய சில பெரிய டவர்களைவிடக் கார்டு குளிர்ச்சியாகவே ஓடும். அடி வாங்குவது ப்ராசசர் பக்கம், ஏனென்றால் கூலருக்குக் கிடைப்பது 50, 60 மி.மீ. உயரம். தவறு எங்கே என்றால், விமர்சனங்களில் சொல்லும் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்வதில். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 21, 23 டிகிரி அறையில் நடக்கின்றன. மே மாதம் மதுரையிலோ சென்னையிலோ ஏசி இல்லாத அறையில் 35 இருக்கும். அறை 12 டிகிரி கூடினால் உள்ளேயும் கிட்டத்தட்ட 12 கூடும். அங்கே 78 காட்டிய ப்ராசசர் இங்கே 90. ரைசன் 7 7800எக்ஸ்3டி-யின் உச்ச வரம்பே 89தான், அங்கே போனதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதனால் ப்ராசசரைத் தேர்ந்தெடுக்கும்போதே கேபினெட்டை மனதில் வைக்க வேண்டும். முழுச் சுமையில் 253 வாட் இழுக்கும் ஐ9-14900கே-வை 10 லிட்டரில் அடைப்பது வீம்பு. 65 வாட் ரைசன் 5 7600, இல்லையென்றால் விளையாட்டில் குறைவாக மின்சாரம் எடுக்கும் எக்ஸ்3டி வகைகள், இவைதான் இதற்குத் தோதானவை. ஏஎம்டி மதர்போர்டுகளில் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கிறது, 105 வாட் ப்ராசசரை 65-க்குக் கொண்டுவரும், விளையாட்டில் வித்தியாசம் மிகக் கொஞ்சம். கார்டையும் அண்டர்வோல்ட் செய்ய, அதாவது மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்ட, கற்றுக்கொள்ளுங்கள். 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் 40 மி.மீ. தடிமன்தான், சின்ன கேபினெட்டில் அழகாக உட்காரும். ஆனால் அந்த 575 வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குள்தான் வெப்பமாக வெளியே வரும்.

வாட்டர் கூலர் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரேடியேட்டர் நுழைந்தாலும் அதன் குழாய்கள் விறைப்பானவை, பெரிய கேபினெட்டை நினைத்துச் செய்த நீளத்தில் வருபவை, சின்னதில் மடங்கி நசுங்கும். பம்ப்பைவிட ரேடியேட்டரின் மேல் முனை உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி பம்ப்பில் வந்து தங்கும். ரேடியேட்டரை அடியில் மட்டுமே மாட்ட முடிகிற கேபினெட்டாக இருந்தால் ஏர் கூலரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தச் சின்ன கேபினெட்டுகளில் போவது மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு, 170 x 170 மி.மீ. ஒரே ஒரு பிசிஐஇ ஸ்லாட், இரண்டு ராம் ஸ்லாட். இப்போதைக்கு ஒரு 16 ஜிபி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒற்றை சேனலில் (ஒரே பாதையில்) ஓடி வேகம் அடிபடும், ஆகவே ஜோடியாகவே வாங்குங்கள். ராமின் உயரத்தையும் பாருங்கள், விளக்கு எரியும் உயரமான ராம் தட்டையான கூலரில் இடிக்கும். கேபினெட் முன்னால் டைப்-சி இருந்தால் மதர்போர்டில் அதற்கான கனெக்டர் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இவ்வளவுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி: உங்களுக்கு உண்மையிலேயே 10 லிட்டர் வேண்டுமா? பையில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகிறவர், மேஜையில் இடமே இல்லாதவர் என்றால் சரி. மற்றவர்களுக்கு என் சிபாரிசு ஒரு படி மேலே. கூலர் மாஸ்டர் என்ஆர்200, 18.25 லிட்டர், ரைசர் தேவையில்லை, 155 மி.மீ. கூலர் போகும், தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ சரியாக அந்த உயரம்தான். செலவையும் குறைக்க வேண்டுமென்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ் (மினி-ஐடிஎக்ஸைவிடப் பெரிய மதர்போர்டு அளவு) பக்கம் போங்கள். லியான் லி ஏ3 26.3 லிட்டர், ஆசுஸ் ஏபி201 33 லிட்டர், இரண்டிலும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸே போகும், மதர்போர்டும் விலை குறைவு. ஐடிஎக்ஸ் போர்டுக்கும் எஸ்எஃப்எக்ஸுக்கும் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தில் கார்டை ஒரு படி மேலே எடுக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்று கேட்டால் 'உட்காரும் சார், கவலைப்படாதீங்க' என்றுதான் பதில் வரும், அதற்காக அளவு பார்க்காமல் காசை எண்ணி வைத்துவிடாதீர்கள். கையேடு இணையத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும், போனில் திறந்து வைத்துக்கொண்டே கார்டின் பெட்டியில் உள்ள மூன்று அளவுகளோடு ஒப்பிட்டுவிடலாம்.

கடைசியாகத் தூசி. நம் வீடுகளில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், ஜன்னலும் திறந்தே இருக்கும். கழற்றிக் கழுவ முடிகிற ஃபில்டர் இருக்கிறதா, தகடு கிளிப்பில் கழன்று வருகிறதா அல்லது திருகு திருகாகக் கழற்ற வேண்டுமா என்று பாருங்கள். பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் இரண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட் போர்டின் பின்புறத்தில் இருக்கும், சில கேபினெட்டுகளில் அதைத் தொட வேண்டுமென்றால் கார்டு, ரைசர், போர்டு எல்லாமே வெளியே வர வேண்டும். அந்த ஸ்லாட்டில் எதையாவது போடுவதாக இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.