ஈவ் ஆன்லைனில் கார்ப் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் வேலந்தாவளம் எல்லையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கொழிஞ்சாம்பாறைப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் விளையாட்டில் சொந்தமாக கார்ப்பரேஷன் (ஆட்டக்காரர்கள் கூடி நடத்தும் குழு, சுருக்கமாக கார்ப்) தொடங்கி ஒரு மாதம் ஆகிறதாம், முப்பது பேர் சேர்ந்துவிட்டார்களாம். "மூணு பேருக்கு டைரக்டர் குடுத்துட்டனுங்ணா, இப்ப வேலை ரொம்ப சுலபம்" என்றான். டைரக்டர் என்றால் கார்ப்பில் எதையும் திறக்கும் உரிமை உள்ள பதவி. எனக்குப் புரையேறிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன்.

விலை உயர்ந்த சரக்கோடு ஆட்டோபைலட்டில் போவது, இழந்தால் தாங்காத கப்பலில் சண்டைக்குக் கிளம்புவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. முதல் வாரமே யாராவது சுட்டுக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தலைவராக உட்கார்ந்தபின் செய்கிற தவறுகள் வேறு ரகம்.

எந்த ஏழு மணி?

விளையாட்டின் கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். தினமும் சர்வர் நிற்கும் 11:00 என்பது நமக்கு மாலை 4:30. நான் ஒருமுறை "சனிக்கிழமை ஏழு மணிக்கு ஃப்ளீட்" என்று மட்டும் போட்டுவிட்டேன். ஃப்ளீட் என்றால் எல்லோரும் சேர்ந்து கப்பல்களில் கிளம்புவது. பொள்ளாச்சி ஆட்கள் மாலை ஏழுக்கு வந்து, வேறு யாரும் இல்லை என்று திட்டிவிட்டுப் போனார்கள். போலந்துக்காரர்கள் இரண்டு பேர் நம் நேரம் இரவு 12:30-க்கு வந்து நின்றார்கள். இரண்டுக்கும் நான் ஒருவன்தான் இருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு கஞ்சிக்கோட்டில் எனக்கு ஷிஃப்ட்.

டைரக்டர் பதவி

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. திருடியவன் மேல் அல்ல, என் மேல்தான்.

அப்போது எங்கள் கார்ப்பில் நாற்பது பேர். சித்தூர், பொள்ளாச்சி, கோவைப் பையன்கள், பாலக்காட்டு மலையாளிகள் சிலர், அந்தப் போலந்துக்காரர்கள். கார்ப்பின் பொதுக் கிடங்கான ஹேங்கரில் ஏழு பிரிவு உண்டு. எதைத் திறக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போது மூன்று தடவை போன்: "அண்ணா, ஒரு மைனிங் கப்பல் வேணும், எடுத்துக் குடுங்க." நான்காவது தடவை அடிப்பதற்குள் வீட்டுக்குள் ஓடி, லாகின் செய்து, எட்டு மாதமாகக் கூட இருந்த ஒருவனுக்கு டைரக்டர் கொடுத்துவிட்டு வந்தேன். மரியாதையான பையன். தினமும் "சாப்டீங்களாண்ணா" என்று கேட்பான்.

மறுவீட்டு விருந்து முடிந்து நான் திரும்பி லாகின் செய்தபோது ஏழு பிரிவும் காலி. கார்ப் பணம் இருந்த வாலட்டும் காலி. ஒரு வருஷமாகச் சேர்த்த, கப்பல் செய்யத் தேவையான புளூபிரிண்ட்கள் போன இடம் தெரியவில்லை. இதைவிடக் கொடுமை, பாலக்காட்டில் இருந்த இன்னொரு டைரக்டர் அது நடக்கும்போதே ஆன்லைனில் இருந்து பார்த்திருக்கிறார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு டைரக்டரை இன்னொரு டைரக்டர் கழற்ற முடியாது, சிஇஓ, அதாவது கார்ப் தலைவனான நான் மட்டும்தான் கழற்றலாம். சிஇஓ பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். போன் சட்டைப்பையில், சட்டை கொடியில்.

இந்த விளையாட்டில் உள்ளிருந்து திருடுவது விதிமீறலே இல்லை, திருப்பிக் கேட்கவும் வழியில்லை. பெரிய ஆட்களே இதில் சிக்கியிருக்கிறார்கள். 2009 பிப்ரவரியில், அன்று கொடிகட்டிப் பறந்த பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற அலையன்ஸை (பல கார்ப்கள் சேர்ந்த கூட்டணி) எதிரிப் பக்கம் சாய்ந்த ஒரே ஒரு டைரக்டர் உள்ளே இருந்தபடியே கலைத்துவிட்டார். அதற்கு ஒரு குண்டு கூடத் தேவைப்படவில்லை.

கதையைக் கேட்ட அம்மா ஒன்றுதான் கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் சேர்ந்து குறி போடுவார்கள், மற்ற ஊர்களில் ஏலச்சீட்டு என்பதுதான். குறி விழுந்தவர், பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும், ஜாமீன் இல்லாமல் பணத்தைத் தொட முடியாது. மிச்சத் தவணையைக் கட்டவேண்டுமே. "பத்தாயிரம் ரூவா குறிக்கே ரெண்டு பேரு கையெழுத்து கேக்கறோம். மூஞ்சியே பாக்காதவனுக்கு நீ பீரோ சாவியவே குடுத்திருக்கற."

நம்பிக்கையில் கொடுத்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். சோம்பேறித்தனத்தில் கொடுத்தேன். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பிரிவிலிருந்து கப்பல் எடுக்கும் உரிமை. ஹேங்கர் பிரிவு ஒவ்வொன்றுக்கும் பார்க்கும் உரிமை தனி, எடுக்கும் உரிமை தனி. கணக்கை மட்டும் பார்க்க ஜூனியர் அக்கவுண்டன்ட் போதும், புது ஆட்களைச் சேர்க்க பெர்சனெல் மேனேஜர் போதும். அந்தப் பட்டியலில் நாலு டிக் போட இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வாழைமரம் காத்திருந்திருக்கும்.

இப்போது பொதுப் பிரிவில் மலிவான கப்பல்களை மட்டும் வைக்கிறேன், தொலைந்தால் தொலையட்டும் என்று. விலையுள்ளதை, யார் எப்போது எடுத்தார் என்று பதிவு செய்யும் ஆடிட் லாக் கண்டெய்னரில் போடுகிறேன். புளூபிரிண்ட்களை வாக்கெடுப்பு வைத்துப் பூட்டிவிட்டேன். டைரக்டர் ஒருவர்தான்: அன்று பாலக்காட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர். பாவம், அந்த ராத்திரியை அவரும் மறக்கவில்லை.

பில்

விளையாட்டில் கார்ப் பேருக்கு வரும் பில்லை நேரத்துக்குக் கட்டிவிடுங்கள். கட்டப்பட்டதா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். 2014 ஜனவரியில் விளையாட்டில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தை வைத்திருப்பதற்கான கட்டணம் கட்டப்படாமல் போனதில் தொடங்கிய சண்டை 21 மணி நேரம் நடந்தது. டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பல்கள் 75 நொறுங்கின, நிஜப் பண மதிப்பில் மூன்று லட்சம் டாலர் என்று கணக்குச் சொன்னார்கள்.

கரண்ட்

ஐப்பசி இடி இடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் போய்விடும். ஃப்ளீட்டுக்கு இரண்டாவது கமாண்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஆள் எண்ணிக்கை

முந்நூறு பெயர் இருந்து ஆறு பேர் வந்தால், அது ஆறு பேர் கார்ப்.

பதவியைப் பிடுங்கத் தயங்குவது

பதவியில் இருப்பவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. முதலில் பதவிகளை எடுக்கவேண்டும், அப்புறம் 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும். அதனால் சந்தேகம் வந்த அன்றே பதவியை எடுத்துவிடுங்கள், பேச்சுவார்த்தையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

டீக்கடையில் இதையெல்லாம் சொன்னபிறகு பையன் அன்றிரவே இரண்டு பேரைக் கழற்றிவிட்டான். மூன்றாமவன் அவனுடைய அத்தை பையனாம். கழற்றினால் தீபாவளிக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாதாம்.