டியூஷன் நின்ற பிறகு மகள் படித்த விதம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு டியூஷன் மூடப்பட்டதும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் "இனி எதைப் படிப்பதும்மா?" என்று கேட்டாள். நான் அட்டவணை போட்டுத் தரவில்லை. எந்தப் பாடம், எவ்வளவு, எப்படிச் சரிபார்ப்பது என்பதை முந்தைய இரவே அவள் நோட்டில் எழுத வேண்டும் என்றேன்.

சரிபார்ப்பதுதான் உயிர்நாடி. புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதுவாள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பாள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவுகூர்ந்ததே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிலைத்தது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் ஆய்வில் காட்டினார்கள்.

மின்னோட்டவியலில் பக்க இணைப்புக் கணக்குகள் சிவப்பாகவே வந்தன. பொறுத்திருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு பள்ளியில் ஆசிரியையிடம் தானே போய், எந்த வரியில் தடுமாறுகிறாள் என்று காட்டிக் கேட்டாள். எவ்வளவு பெரிய மாற்றம்! இப்போது தம்பியும் தனி நோட்டு கேட்கிறான்.