தொடை பின்தசை இறுக்கமா? ஒத்தடம் முடிந்ததும் டீ குடிக்கப் போகாதீர்கள்

நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்ததில், குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாலே எனக்குத் தொடையின் பின்பக்கம் சுண்டி இழுக்கும். ஒத்தடமும் கொடுத்தேன், நீட்டியும் பார்த்தேன். இரண்டு மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை.

முதலில் வெந்நீர்ப் பை. சாதாரண ரப்பர் பையே போதும், கரண்டில் சூடாகும் ஜெல் பை எனக்குப் பிடிக்காது, பக்கத்தில் வைத்திருக்கவே பயம். உப்பை வறுத்து முடிந்த துணி இதமாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் ஆறிவிடும், அடுப்புக்கும் பாய்க்கும் நடந்தே நேரம் போகும். மூன்றில் இரண்டு பங்கு சூடான நீர் ஊற்றி (கொதிநீர் வேண்டாம்), காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள்.

குப்புறப் படுத்து, துண்டு சுற்றிய பையைத் தொடை மேல் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். பையின் மேல் படுக்காதீர்கள், அழுத்தத்தில் தோல் வெந்துபோகும்.

நான் கோட்டை விட்டது அடுத்த இடத்தில். இரண்டு காலுக்கும் ஒத்தடம் கொடுத்து, எழுந்து போய் டீ குடித்து, போனைப் பார்த்து, அப்புறம்தான் நீட்டுவேன். வெளியிலிருந்து கொடுக்கும் சூடு ஆழமாகப் போவதில்லை, தசை இளகி நிற்பதும் சில நிமிடம்தான், அதற்குள் நீட்டினால்தான் பலன். அதனால் இப்போது ஒரு காலுக்கு ஒத்தடம், பையை எடுத்த கையோடு அதே காலை நீட்டல், பிறகுதான் அடுத்த கால்.

நீட்டுவதற்குப் பழைய வேட்டி போதும். ரப்பர் பட்டை தானே நீண்டுகொடுப்பதால் காலை ஒரே இடத்தில் நிறுத்த முடியவில்லை. மல்லாந்து படுத்து, வேட்டியைப் பாதத்தில் மாட்டிக் காலை மேலே இழுத்து, இதமாக இழுக்கிற இடத்தில் 30 விநாடி நிறுத்துங்கள். மூன்று முறை. முழங்கால் லேசாக மடங்கினால் பரவாயில்லை. துள்ளித் துள்ளி இழுத்தால் தசை பதிலுக்கு இறுகும். காலில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்றால் அது நரம்பு, உடனே நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: சர்க்கரை நோயால் கால் மரத்திருப்பவர்களுக்குச் சூடு அதிகமானது தெரியாது, மருத்துவரைக் கேட்காமல் செய்யவேண்டாம். சுளுக்கி வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் ஒத்தடமே கூடாது. அப்புறம் ஒருவர், தைலம் தடவிவிட்டு அதன் மேல் பையை வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வைக்காதீர்கள், எரிச்சலில் தொடங்கித் தோல் பொத்துப்போகும்வரை போகலாம்.