20 கொண்டை ஊசி வளைவு, 20 வசனம்: ஏற்காடு பஸ்ஸில் 147ஆம் சங்கீதம் மனப்பாடம் செய்வது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். அந்த நேரத்தில் வேதம் (பைபிள்) வாசிக்கப் பலமுறை முயன்றேன். புத்தகத்தைத் திறந்தால் வளைவுகளில் தலை சுற்றும். போனில் திறந்தால் வாட்ஸப் செய்தி ஒன்று வந்து நிற்கும், மலை ஏறி முடிக்கும்போது ஒரு வசனம்கூட மனதில் இருக்காது. மனப்பாடம்தான் வழி என்று தோன்றியது. மலைப்பாதையில் வளைவுகள் 20, சங்கீதம் 147-லும் வசனங்கள் 20. இதைக் கவனித்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் சீட்டுகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒரு பக்கம் எண், மறுபக்கம் வசனம் என்று கையால் எழுதுங்கள். பிரிண்ட் எடுக்க வேண்டாம், எழுதும்போதே பாதி மனதில் ஏறிவிடும். சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்புதான் இதற்கு நல்லது என்பேன். 8ஆம் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: “அவர் வானத்தை மேகங்களால் மூடி, பூமிக்கு மழையை ஆயத்தப்படுத்தி, மலைகளில் புல்லை முளைப்பிக்கிறார்.” ஒரு வினை அடுத்ததைக் கைபிடித்துக் கூட்டி வருகிறது. மேகம் இறங்கிய நாளில் 8ஆம் வளைவில் இதைச் சொன்னவர்களுக்கு அப்புறம் மறக்காது.

வாரத்துக்கு இரண்டு வசனம் போதும். போன் பைக்குள் இருக்கட்டும், பை மேல்தட்டில் இருக்கட்டும். வளைவின் எண் பலகையைப் பார்த்ததும் அந்த வசனத்தை உதடு அசையச் சொல்லுங்கள்.

நான் நின்றுபோன இடம் 2-உம் 3-உம். “கர்த்தர் எருசலேமைக் கட்டுகிறார்” என்பது இரண்டாவது. “காயங்களைக் கட்டுகிறார்” என்று முடிவது மூன்றாவது. இரண்டிலும் ‘கட்டுகிறார்’ வருவதால் மூன்று வாரம் மாற்றி மாற்றிச் சொன்னேன். கடைசியில் 2-க்கு மதில் சுவர், 3-க்குத் துணிக்கட்டு என்று சீட்டின் எண் பக்கத்தில் படம் வரைந்தேன், குழப்பம் தீர்ந்தது. நகரத்தைக் கட்டுகிறவரே நொறுங்கிய இருதயத்துக்கும் கட்டுப் போடுகிறார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரம் வீட்டில் ஒரு துக்கம் நடந்திருந்தது. மூன்றாம் வளைவில் கண் கலங்காமல் போன நாள் இல்லை.

இறங்கும் பயணத்தை விட்டுவிடாதீர்கள். ஏறும்போது வரிசையாகச் சொல்வது சுலபம், ஆனால் நடுவில் ஒன்றைக் கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இறங்கும்போது பலகை 20, 19, 18 என்று வரும். ஒவ்வொரு வசனமும் தனியாக நிற்கப் பழகுவது அங்கேதான்.

படித்துவிட்டுச் சிலர் கேட்டதால் பிற்பாடு சேர்த்தவை:

பழைய கத்தோலிக்கப் பதிப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு எண் பொருந்தவில்லை. லத்தீன் வரிசையைப் பின்பற்றும் பதிப்புகளில் இதே பாடல் 146, 147 என இரண்டாகப் பிரிந்திருக்கும். நம் 12ஆம் வசனத்தில் அங்கே 147 தொடங்கும். சீட்டில் 1 முதல் 20 வரை நீங்களே எண் போட்டுக்கொள்ளுங்கள்.

பைக்கில் போகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். கிளம்பும் முன் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள், வளைவில் கண் சாலையில் இருக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் அக்கா ஒருவர், மலைக்கே போகாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டார். அவர் இப்போது ஒரு நாளுக்கு ஒரு சீட்டை, வேலை செய்யும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறார். கைக்கு வேலை, வாய்க்கு வசனம்.

நான் அடுத்து 103 தொடங்கியிருக்கிறேன். அதில் 22 வசனம். 20 வரை வளைவுகள், ஏரி கண்ணில் படும்போது 21, பஸ்ஸை விட்டு இறங்கும்போது 22.