ஊர் மையத்துக்கு உயிர் வர வேண்டுமா? முதலில் உட்கார இடம் கொடுங்கள்

ஊர் மையத்தைப் புதுப்பிக்கலாம் என்று பேச்செடுத்தாலே, நீரூற்றை எங்கே வைப்பது என்றுதான் முதல் கேள்வி வரும். தெருக்களையும் பூங்காக்களையும் வடிவமைப்பது என் பிழைப்பு. நான் கேட்பது வேறு: அங்கே இப்போது யார், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள்?

ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் போய் நில்லுங்கள். காலை, உச்சிவேளை, மாலை, இரவு என நான்கு வேளையும் கணக்கெடுங்கள். கடந்து போகிறவர்கள் ஒரு பக்கம், நின்று பேசுகிறவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் இன்னொரு பக்கம். பெண்களைத் தனியாக எண்ணுங்கள். அவர்கள் குறைவென்றால் வெளிச்சமோ பாதுகாப்போ எங்கோ இடிக்கிறது என்று பொருள். நிழல் எந்த வேளையில் எங்கே விழுகிறது என்பதையும் தரைப்படத்தில் குறித்துவிடுங்கள்.

அடுத்தது இருக்கை. 1970களில் வில்லியம் ஒயிட் என்ற நகர ஆய்வாளர் நியூயார்க் சதுக்கங்களைக் கேமராவில் பதிவுசெய்து பார்த்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று தெரிந்தது! சிரிப்பு வரும்தான். ஆனால் எத்தனை சதுக்கங்களில் பூச்செடித் தொட்டியின் விளிம்பில்கூடக் கம்பி நட்டு வைத்திருக்கிறார்கள், பாருங்கள். சதுக்கத்தின் பரப்பில் 30 சதுர அடிக்கு ஓர் அடி நீள இருக்கை என்ற அவருடைய கணக்கை நானும் பின்பற்றுகிறேன். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் விடாதீர்கள். உட்காருமுன் அதைச் சற்றே இழுத்துப் போடுவார்கள். பல நேரம் அது அரை அடிகூட நகராது. ஆனாலும் அதற்குப் பிறகு அது அவர்கள் இடம்.

மரத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் கோட்டை விடுகின்றன. தளக்கல்லுக்கு நடுவே நான்கடிக்கு நான்கடி குழி, சுற்றிலும் இறுக்கி அடித்த மண். வேருக்குக் காற்றும் இல்லை, ஈரமும் இல்லை. சில ஆண்டுகளில் உச்சிக்கிளை காயத் தொடங்கும். இல்லையென்றால் வேர் கல்லைத் தூக்கும். மரம் வளர்ந்தபின் அதன் குடை எவ்வளவு பரப்பை மூடுமோ, அவ்வளவு பரப்புக்கு இரண்டடி ஆழம் தளர்வான மண் கொடுங்கள். அதற்கு இடமில்லையா? தனிக்குழிகளை விட்டுவிட்டு நடைபாதையின் கீழே நீளவாக்கில் ஒரே பள்ளமாக எடுத்து, உடைத்த கருங்கல்லோடு மண் கலந்து நிரப்புங்கள். பாரத்தைக் கல் தாங்கும், இடுக்கில் வேர் ஓடும். பாத்தியைச் சாலை மட்டத்துக்குச் சற்றுத் தாழ்த்தி, ஓரக்கல்லில் அங்கங்கே வாய் விட்டால் மழைநீர் தானே உள்ளே வரும்.

வண்டிகளை உள்ளே விடாமல் தடுப்பதைக் கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். வாதாட வேண்டாம், தற்காலிகமாகச் செய்து காட்டுங்கள். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெரு 1962-ல் சோதனையாகத்தான் நடப்பவர்களுக்கு விடப்பட்டது. 2009-ல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வண்டிகளை மறித்ததும் போட்டது மலிவான மடக்கு நாற்காலிகளைத்தான். தடுப்பும் தொட்டிச் செடியும் வைத்து சில மாதம் ஓட்டுங்கள், அதே கணக்கை மறுபடி எடுங்கள். சரக்கு இறக்க விடியற்காலை நேரத்தை ஒதுக்கிவிட்டால் பாதிச் சண்டை அடங்கும்.

ஓரங்களை மறக்காதீர்கள். சதுக்கத்தைச் சுற்றி வெற்றுச் சுவரும் மூடிய ஷட்டருமாக இருந்தால் நடுவில் எதைச் செய்தும் பயனில்லை. மாடிகளில் குடியிருப்பு வந்தால் இரவிலும் ஜன்னல் வெளிச்சம் இருக்கும்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு வரி சேருங்கள்: முதல் மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றுவது யார், பட்ட மரத்துக்குப் பதில் நடுவது யார், அதற்கான பணம் எந்தக் கணக்கில்.